முதியோர் இல்ல மருந்து அலுமாரி: ஏழு நாள் குளிசைப் பெட்டி பாவிக்கலாமா?

பழைய தபாலதிபர் (திருகோணமலை) எழுதியது:

வணக்கம். நான் முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனாலும் இரண்டு வருடமாக எங்கள் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் மருந்து அலுமாரித் திறப்பு என் கையில்தான் இருக்கிறது. ஒரு நாள் அந்த அலுமாரி கிடந்த கோலத்தைப் பார்த்து, "இது என்ன, பிரிக்காத தபால் பையா?" என்று கேட்டேன். கேட்டவளிடமே திறப்பைத் தந்துவிட்டார்கள்.

இருப்பவர்கள் 23 பேர். பகலில் மூன்று உதவியாளர் பிள்ளைகள், இரவில் ஒருத்தி. தாதி யாரும் இல்லை. மருந்து அநேகமாக அரச கிளினிக்கில் மாதம் ஒரு தடவை எடுப்பது.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். எங்களிடம் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள் இருக்கிறார்கள். பெயரை எழுத மாட்டேன், இங்கே ஒழுங்கைக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர்தான். ஜன்னலோரக் கட்டில் அம்மாவுக்குப் பிரஷர் மட்டும். கதவோரத்து அம்மாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும். காலை ஆறரைக்குப் பிள்ளை எல்லாருடைய குளிசைகளையும் சின்னச் சில்வர் கிண்ணங்களில் போட்டுத் தட்டில் அடுக்குவாள். கிண்ணத்தில் வெள்ளைப் பிளாஸ்டர், அதில் பேனையால் பெயர். தினமும் கழுவிக் கழுவிப் பெயருக்கு முன்னால் இருந்த முதலெழுத்து அழிந்துபோயிற்று. பெயர் மட்டும் மிச்சம். இரண்டு கிண்ணத்திலும் அதே பெயர்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜன்னலோரத்து அம்மா பத்திரகாளி அம்மனுக்கு விரதம். கதவோரத்து அம்மாவின் சீனிக் குளிசையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு மாலை கட்ட உட்கார்ந்துவிட்டார். பத்தரைக்கு நான் போகும்போது மேல் முழுக்க வியர்வை. பூவை நூலில் கட்டாமல் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "தம்பி பஸ்ஸால இறங்கிட்டானா?" என்று கேட்டார். அந்தத் தம்பி இறந்து இருபது வருடம். பிள்ளைகள் வெயில் என்று நினைத்து விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மெஷினில் குத்திப் பார்த்தால் சீனி 38, ஆபத்தான குறைவு. விழுங்கும் நிலையில் இருந்ததால் சீனித் தண்ணீர் கொடுத்து, 1990 அம்புலன்சைக் கூப்பிட்டோம். இரண்டு நாள் வோட்டில் இருந்துவிட்டு நல்லபடியாக வந்துவிட்டார். இப்போது வருகிற ஆட்களிடமெல்லாம் "எனக்கு ரெண்டு நாள் சீனி வருத்தம் வந்து மாறினது" என்கிறார்.

பிள்ளையை நிறுத்த வேண்டும் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். அழிந்த பிளாஸ்டரை ஆறு மாதம் பார்த்தும் பேசாமல் இருந்தவள் நான், நிறுத்துவதென்றால் என்னை நிறுத்துங்கள் என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இப்போது கனடாவில் இருக்கும் அன்பர் ஒருவர் ஏழு நாள் குளிசைப் பெட்டி 23 அனுப்பியிருக்கிறார். காலை, மதியம், இரவு என்று குழி குழியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் இருந்து எல்லாவற்றையும் நிரப்பிவிட்டால் பிறகு பிழையே வராது என்று கமிட்டி சொல்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. 23 பேர், ஏழு நாள், மூன்று வேளை, 483 குழி. தபால் கந்தோரில் ஒரே இருப்பில் 483 பதிவுத் தபால் பதிந்தால் கடைசி நூறில் பிழை வரும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பிழை ஏழு நாளும் ஒழுங்காக விநியோகமாகுமே?

இன்னொன்று. கிளினிக் உறையில் சிலநேரம் சிங்களத்தில் எழுதியிருக்கும், சிலநேரம் டொக்டர்மாரின் சுருக்கம்: பி.டி. (நாளைக்கு இரண்டு தடவை), நொக்டே (இரவில்). பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் சிங்களம் வாசிக்க வரும். அவள் லீவில் நின்ற நாள் வாசலில் நின்ற ஓட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பாமசி மேசை (கிண்ணியா) எழுதியது:

அக்கா, உங்கள் பயம் சரியான பயம். நான் பாமசியில் நிற்பவன்.

குளிசை உறையை விட்டு வெளியே வந்ததும் அதற்குப் பெயர் இல்லை. பரசிற்றமோலும் வெள்ளை, சீனி வருத்தத்துக்கான மெற்ஃபோமினும் வெள்ளை, இரண்டும் 500 மில்லிகிராம். குழியில் கிடந்தால் நானே தடுமாறுவேன். பதிமூன்று வருடம் இந்த மேசையில் நிற்கிறேன், சும்மா சொல்லவில்லை. சில மருந்தைப் பெட்டிக்குள் போடவே கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்புரோவேற் ஈரத்தை இழுக்கும், நம் கடற்காற்றில் கசிந்துவிடும். நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை அதன் கண்ணாடிப் போத்தலில்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெரிய பிழை வருவது மருந்து மாறி வரும் மாதத்தில். 2022 தட்டுப்பாட்டில் இதைக் கண்ணால் கண்டேன். பிரஷருக்கான லோசாற்றன் 50 மில்லிகிராம் இல்லை என்று 25 கொடுத்து "இரண்டு" என்று எழுதுவோம். அடுத்த மாதம் 50 வந்துவிடும். இல்லத்தில் "இரண்டு" என்ற பழக்கம் மட்டும் மாறாது. வீட்டில் தலைசுற்றி விழுந்தார் என்று வந்த ஐயா ஒருவரின் பையில் அதுதான் இருந்தது. புது உறை வந்த அன்று பழைய உறையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அதைச் செய்யாமல் அலுமாரிக்குள் வைக்க வேண்டாம்.

ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவதும் உண்டு. கிளினிக்கில் சீனி வருத்தத்துக்குக் கிளிக்லசைட் கொடுப்பார்கள். வெளிநாட்டு மகன் காசு கட்டித் தனியார் டொக்டரிடம் காட்டினால் டயமிக்ரோன் என்று வாங்கி வருவார்கள். இரண்டும் ஒன்றே. பெட்டியில் இருந்தால் யார் கண்டுபிடிப்பது?

மெதொட்ரெக்சேற் எடுப்பவர் யாராவது இருக்கிறார்களா? மூட்டுவாதத்துக்குக் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் கொடுப்பது. தினமும் கொடுத்தால் உயிர் போகும். கூடவே ஃபோலிக் அமிலமும் எழுதுவார்கள், பல கம்பனிகளில் இரண்டும் மஞ்சள். உறையில் "திங்கள் மட்டும்" என்று சிவப்பில் எழுதித் தனி டப்பாவில் பூட்டுங்கள்.

எழுத்து விஷயம்: எங்கள் பக்கத்துப் பாமசிகளில் கேட்டால் தமிழில் எழுதித் தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் நாங்கள் எழுதுவதில்லை.


இரவு வேலைக்காரி (லண்டன்) எழுதியது:

அம்மா, நான் திருகோணமலைப் பாலையூற்றுப் பிள்ளை. பன்னிரண்டு வருடமாக இங்கே முதியோர் இல்லங்களில் தாதி வேலை.

இங்கே எல்லாம் சரியாக நடக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். 2009இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது. 55 இல்லங்களில் 256 பேரைப் பார்த்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு ஏதோ ஒரு மருந்துப் பிழை இருந்தது. எழுதியதில், பாமசி கொடுத்ததில், நாங்கள் கொடுத்ததில், பிறகு கவனித்ததில் என்று எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. அந்த ஆட்கள் சராசரியாக ஆளுக்கு எட்டு மருந்து எடுத்தார்கள். ஆகவே உங்கள் பிள்ளை தனி ஆள் இல்லை, அவளிடம் சொல்லுங்கள்.

எங்களிடம் ஆளுக்கொரு தாள். மேலே படம், பிறந்த திகதி, ஒவ்வாமை. கீழே மருந்தும் நேரமும். ஒருவருக்கு எடுத்து, அவர் கட்டிலுக்குப் போய், பெயரைக் கேட்டு, விழுங்கும் வரை நின்று, பிறகு கையெழுத்து. அதன் பிறகுதான் அடுத்தவர். 23 கிண்ணத்தை ஒரே தட்டில் அடுக்குவது இங்கே வேலை போகிற குற்றம். நான் முதல் வருடம் அதைச் செய்து திட்டு வாங்கினேன். நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தேன், வேறொன்றுமில்லை.

பெயர் கேட்கும்போது "நீங்கள் தானே இன்னார்?" என்று கேட்காதீர்கள். மறதி உள்ளவர்கள் எதற்கும் ஓம் என்பார்கள். "உங்கட பெயர் என்ன?" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவருக்குப் படம்.

மருந்து கொடுப்பவரிடம் அந்த நேரம் யாரும் பேசக்கூடாது. இங்கே சிவப்பு மேலாடை போடுவோம், "தொந்தரவு செய்யாதே" என்று எழுதியிருக்கும். உறவினர் அதையும் பார்த்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்பார்கள், அது வேறு கதை.

2014இல் இங்கே வந்த வழிகாட்டி ஆறு விஷயம் சொல்கிறது: சரியான ஆள், மருந்து, கொடுக்கும் வழி (வாயாலா, ஊசியாலா), அளவு, நேரம். ஆறாவது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இருக்கும் உரிமை. அந்த ஆறாவதை ஊரில் மறந்துவிடுவோம். சோற்றில் பொடித்துக் கலந்துவிடுவோம். அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மெதுவாகக் கரைய வேண்டிய நிஃபெடிபின் என்ற பிரஷர்க் குளிசையைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கும், பிரஷர் சரிந்துவிடும். விழுங்க முடியவில்லையென்றால் டொக்டரிடம் வேறு வடிவம் கேட்க வேண்டும்.


மூதூர் மகன் எழுதியது:

பெரியம்மா, சுருக்கமாக ஒன்று. குளிசை இல்லை, ஊசி.

அப்பா இருந்த இல்லத்தில் (எது என்று சொல்ல மாட்டேன்) இன்சுலின் முடிந்துவிட்டது. சென்னைக்குப் போன நான்தான் நாலு குப்பி வாங்கி வந்தேன். அங்கே மில்லிலீற்றருக்கு 40 அலகு குப்பி புழக்கத்தில் உண்டு. நம்மிடம் 100. சிரிஞ்ச் நம்முடைய 100 சிரிஞ்ச். 20 கோடு வரை இழுத்தார்கள், உள்ளே போனது 8 அலகு. சீனி நானூறைத் தாண்டியது. ஏன் என்று யாருக்கும் விளங்காமல் அளவை 30 ஆக்கினார்கள். அடுத்த மாதம் கிளினிக் குப்பி வந்தது. அதே 30 கோடு, இப்போது உண்மையான 30. அன்றிரவு அப்பாவை எழுப்ப முடியவில்லை.

தப்பினார். ஆனால் குப்பியை வாங்கிக் கொடுத்தவன் நான். வெளியிலிருந்து வரும் எந்த மருந்தும் டொக்டர் பார்க்காமல் அலுமாரிக்குள் போகக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். 40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு. அதையும் படமாக ஒட்டுங்கள்.


வோட் மிஸ்ஸி (ஓய்வு பெற்ற தாதி) எழுதியது:

எல்லாரும் பெட்டியைத் திட்டுகிறார்கள். பெட்டி பாவம். தன் குளிசையைத் தானே எடுக்கக்கூடிய தெளிவான ஆட்களுக்கு அது நல்ல சாமான், சுயமரியாதையும் மிஞ்சும். அடுத்தவர் எடுத்து அடுத்தவர் கொடுக்கும் இடத்தில்தான் உதவாது.

தங்கச்சி, அன்றைக்கு நீங்கள் செய்தது சரி. ஆனால் "சீனித் தண்ணீர் கொடுத்தோம், எழும்பினார், முடிந்தது" என்று யாரும் படித்துவிடக் கூடாது. கிளிபென்கிளமைட் மாதிரிச் சீனிக் குளிசை உடம்பில் மணிக்கணக்காக வேலை செய்யும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இன்னும் நீளம். ஒரு தடவை ஏறிய சீனி திரும்ப இறங்கும். அதனால்தான் வோட்டில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நினைவு இருந்தால் நாலு தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, பக்கவாட்டில் கிடத்தி 1990.

விரதம் இருக்கிறவர்களை வியாழன் இரவே கேட்டு எழுதுங்கள். வெள்ளி, பிரதோஷம், நோன்பு, போயா என்று எங்கள் ஊரில் பட்டினிக்குக் குறைவில்லை. சீனி வருத்தக்காரர் விரதம் இருந்தால் என்ன செய்வது என்று டொக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அன்று காலை பிள்ளை முடிவெடுக்கக் கூடாது.


பழைய தபாலதிபர் (திருகோணமலை) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஆறு கிழமை கழித்துத்தான் பதில் எழுத முடிந்தது. செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் கிண்ணம். 23 கிண்ணத்தில் 22ஐச் சமையலறைக்கு அனுப்பிவிட்டேன். இப்போது ஒரே கிண்ணம், ஒரே ஆள், ஒரே நடை. கட்டில் கட்டிலாகப் போய் உறையிலிருந்து நேரே எடுத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் முதல் கிழமை முணுமுணுத்தார்கள். முன்னால் இருபது நிமிடத்தில் முடிந்த வேலை ஐம்பது நிமிடம் எடுக்கிறது. காலைத் தேத்தண்ணி ஆறிப்போகிறது என்று ஐயாமார் சத்தம் போட்டார்கள். தைரொக்சின் (தைரொயிட் குளிசை) எடுக்கிற இரண்டு பேருக்கு வெறும் வயிற்றில் கொடுத்து அரை மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். ஆகவே அவர்களில் தொடங்குகிறோம்.

பிறகு பதிவேடு. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதானே. பதிவுத் தபாலில் ஆள் கையெழுத்து வைக்காமல் கடிதம் கை மாறாது. இங்கே அதைத் திருப்பிப் போட்டேன்: குளிசை தொண்டைக்குள் இறங்காமல் கையெழுத்து விழாது. முன்னால் பிள்ளைகள் ஆறரைக்கே முழுப் பக்கத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தட்டைத் தூக்குவார்கள். நான் பார்த்திருக்கிறேன், நேர்த்தியாக இருக்கிறது என்று பாராட்டியும் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

உறைகளில் றப்பர் முத்திரை குத்துகிறேன். காலைக்குச் சேவல், மதியத்துக்குச் சூரியன், இரவுக்கு நிலா. முத்திரை வெட்டுகிற தம்பி, பள்ளிக்கூடத்துக்கா என்று கேட்டார். ஓட்டோக்காரத் தம்பிக்கு இனி வேலை இல்லை. கிண்ணியாத் தம்பி சொன்னதுபோல் பாமசியில் கேட்டேன், மறுபேச்சில்லாமல் தமிழில் எழுதித் தந்தார்கள். இரண்டு வருடம் கேட்காமல் இருந்துவிட்டேன்.

ஒரே பெயர் அம்மாக்களுக்குக் கட்டில் இலக்கம் போடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன், அவர்கள் காற்றைத் தேடிக் கட்டில் மாறுவார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரு ஒழுங்கையில் இருந்தால் தபால்காரர் தகப்பன் பெயரையும் ஊரையும் பார்ப்பார். ஆகவே ஒருவர் தம்பலகாமம் அம்மா, மற்றவர் சாம்பல்தீவு அம்மா. உறை, தாள், படம் எல்லாவற்றிலும் அப்படியே. இப்போது அவர்களே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கந்தோரில் பின்னேரம் மிச்ச முத்திரைகளை எண்ணிக் கணக்கு முடிப்போம். அதே பழக்கத்தில் சனிக்கிழமைகளில் மிச்சக் குளிசை எண்ணுகிறேன். இரண்டாவது சனிக்கிழமை ஒரு ஐயாவின் பிரஷர்க் குளிசை ஐந்து குறைந்தது. கூடினால் கொடுக்கவில்லை என்று பொருள், குறைந்தால்? கேட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் ஐயாவுக்குத் தலையிடி என்று சொன்னபோதெல்லாம் இவர் தன் உறையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். தர்மம். உறை அதுவரை அவர் தலைமாட்டில் இருந்தது. இப்போது அலுமாரியில்.

அதேநேரம் ஒரு அம்மாவின் கணக்கு சரியாக வந்தது, ஆனால் பிரஷர் இறங்கவில்லை. தலையணை உறையைத் துவைக்கக் கழற்றியபோது பதினொரு குளிசை உதிர்ந்தது. வாயில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்பியிருக்கிறார். லண்டன் பிள்ளை சொன்ன ஆறாவது விஷயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏன் என்று கேட்டேன். இரவில் நாலு தடவை எழும்பி மலசலகூடம் போக வேண்டியிருக்கிறதாம், விழப் பயமாம். டொக்டர் பார்த்தார். சிறுநீர் போக வைக்கும் குளிசையை இரவில் கொடுத்திருக்கிறோம், காலைக்கு மாற்றினார். நிலாவுக்குப் பதில் சேவல். இப்போது விழுங்குகிறார்.

உதிர்ந்த அந்தப் பதினொன்றையும் காலம் கடந்த மற்றவற்றையும் பிள்ளை குப்பையில் கொட்டப் போனாள், தடுத்தேன். எங்கள் தெருவில் குப்பையைக் கிளறுவது நாய் மட்டுமில்லை, மானும்தான். பாமசியில் கேட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கனடாப் பெட்டிகளில் மூன்றை மிஸ்ஸி அக்கா சொன்னபடி தாங்களே எடுக்கக்கூடிய மூன்று பேருக்குக் கொடுத்தேன். மற்றதில் தையல் அம்மா பொத்தான் போட்டு வைத்திருக்கிறார். அன்பருக்கு உண்மையை எழுதினேன், கோபிக்கவில்லை. அதற்குப் பதில் இரண்டு சீனி மெஷினும் அதில் போடுகிற பட்டியும் வாங்கப் பணம் அனுப்பினார்.

மூதூர்த் தம்பி, உங்கள் பதிலை அச்சடித்து அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், உங்களை அடையாளம் காட்டும் வரிகளை எடுத்துவிட்டு. கமிட்டியில் பேசியவரே அதைப் படித்துவிட்டு, தன் மச்சான் போன வருடம் கொண்டுவந்த குப்பியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

தீராதது இரவு ஒன்பது மணி. ஒரே பிள்ளை, 23 பேர், அதில் 16 பேருக்கு இரவு மருந்து. அந்த நேரம் பார்த்து ஒருவருக்கு வயிறு குழம்பும், ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சிவப்பு மேலாடை வாங்கிக் கொடுத்தாலும் படலையில் நிற்பவருக்கு அது தெரியாது. எந்த இரவு மருந்தையெல்லாம் பின்னேரம் ஆறரைக்கு, பகல் பிள்ளைகள் வீட்டுக்குப் போகுமுன், கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதி டொக்டரிடம் கொடுத்திருக்கிறேன். வருகிற புதன்கிழமை பார்ப்பதாகச் சொன்னார். இதை எங்காவது செய்து பார்த்தவர்கள் இருந்தால், புதனுக்கு முன் எழுதுங்கள்.